அயர்லாந்தில் அடுப்பெரிக்கும் டர்ஃப்: வெட்டுவது, உலர்த்துவது, எரிப்பது எப்படி?

நாடோடி வாசகன்:

அயர்லாந்தின் மேற்குப் பகுதிப் படங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. மரமே இல்லாத பழுப்பு வெளி, அதில் நேர்கோடாக வெட்டிய கறுப்புப் பள்ளம், பக்கத்தில் கறுப்புக் கட்டிகளை நாலைந்தாகச் சாய்த்து நிறுத்தி வைத்திருப்பார்கள். படக்குறிப்பில் "டர்ஃப், அடுப்பெரிக்க" என்று மட்டும் இருக்கும். தமிழில் தேடினால் "பீட் என்பது நிலக்கரியின் முதல் நிலை" என்ற பாடப்புத்தக வரியைத் தாண்டி எதுவும் கிடைப்பதில்லை.

அது மண்ணா, கரியா? மழை ஓயாத ஊரில் அதை எப்படிக் காய வைக்கிறார்கள்? விறகு இருக்கும்போது ஏன் அது? இப்போது தடை என்று சொல்கிறார்களே, முழுத் தடையா? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.

---

ஈரநிலம்:

விறகு பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன் நண்பரே. விறகு இல்லை என்பதுதான் பதில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தீவில் காடு சுமார் 1 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. நிலக்கரியும் கில்கென்னி மாவட்டத்துக் காஸல்கோமர், ராஸ்காமன் மாவட்டத்து அரிக்னா என்று சில இடங்களில்தான் கிடைத்தது. டர்ஃப் என்பது எரிப்பதற்காக வெட்டி எடுத்த பீட். அந்தப் பீட் கிடக்கும் சதுப்போ தீவின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மேற்கிலும் நடுப்பகுதியிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பத்துக்குக் கைக்கெட்டிய எரிபொருள் அது ஒன்றுதான்.

பீட் மண்ணும் அல்ல, கரியும் அல்ல. முழுதாக மக்காத செடி. ஸ்பாக்னம் என்ற பாசி தன் உலர் எடையைப் போல 20 மடங்கு வரை நீரைப் பிடித்து வைக்கும். சுற்றியுள்ள நீரையும் புளிப்பாக்கிவிடும். நீர் தேங்கிய இடத்தில் ஆக்சிஜன் இல்லை, புளிப்பு வேறு. மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே சரியாக வேலை செய்ய முடியாது. செத்த பாசியின் மேல் புதுப் பாசி வளர்ந்துகொண்டே போகும். ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் உயர்கிறது என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் ஆயிரம் ஆண்டு வளர்ச்சியை எடுத்துவிட்டதாக அர்த்தம்.

அங்கே இரண்டு வகைச் சதுப்பு இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் பின்னால் வெட்டும் முறையும் சட்டமும் குழம்பும்.

நடுச் சமவெளியில் (ஆஃபலி, லாங்ஃபோர்ட், வெஸ்ட்மீத், ராஸ்காமன், கிழக்குக் கால்வே) இருப்பது உயர்மேட்டுச் சதுப்பு. பனியுகம் முடிந்து சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன ஆழமற்ற ஏரிகள் முதலில் நாணலால் தூர்ந்தன. பிறகு பாசி ஏறி, நடுப்பகுதி மெல்ல உப்பி மேடாயின. நிலத்தடி நீரோடு தொடர்பு அறுந்து மழைநீரை மட்டுமே நம்பி வாழும் சதுப்பு இது. 6, 7 மீட்டர் ஆழம் சாதாரணம். 10 மீட்டர் தாண்டியதும் உண்டு.

மேற்குக் கரையிலும் (மேயோ, கானமாரா, டானகால், கெர்ரி) மலைகளின் மேலும் இருப்பது போர்வைச் சதுப்பு. ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் தூறிக்கொண்டே இருக்கும் மழை. சரிவு, மேடு எதையும் பார்க்காமல் நிலத்தை மூடிக்கொள்ளும். ஆழம் பெரும்பாலும் 2, 3 மீட்டர்தான்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்தில் சதுப்பில் சேர்ந்த தாவரப் பொருள்தான். மேலே மண் மூடிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்திக் கிடந்தது. பீட் அந்த வழியின் முதல் படியில் நிற்கிறது, அழுத்தம் இல்லை, நீர் மட்டும் நிறைய. நீலகிரியில் சோலைக்காடுகளை ஒட்டிய பள்ளங்களிலும் பீட் உண்டு. அங்கே அதை யாரும் எரிப்பதில்லை, பழைய காலத்துப் பருவமழையைக் கணிக்க ஆராய்ச்சியாளர்கள் மாதிரி எடுக்கிறார்கள்.

---

மேற்குக்கரை:

ஈரநிலம் அடித்தளம் போட்டுவிட்டார். வேலை நடக்கும் விதத்தை நான் சொல்கிறேன். வெட்டுவதுதான் பெரிய வேலை என்று வெளியார் நினைக்கிறார்கள். உண்மையில் வெட்டுவது சில நாள் வேலை. உலர்த்துவது கோடை முழுக்க இழுக்கும், தோற்பதும் அங்கேதான்.

முதலில் ஒரு கணக்கு. புதிதாக வெட்டிய பீட்டில் 90 சதவீதம் நீர். 10 கிலோ கட்டியில் உலர் பொருள் 1 கிலோதான். வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி 30 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் அந்தக் கட்டி ஏறத்தாழ 1.4 கிலோ நிற்கும். அதாவது ஒவ்வொரு 10 கிலோவிலிருந்தும் எட்டரைக் கிலோ நீர் வெளியேற வேண்டும், இதற்கு அடுப்போ உலையோ எதுவும் கிடையாது. அட்லாண்டிக் காற்று ஒன்றுதான் துணை.

வெட்டும் முகத்தை "பேங்க்" என்பார்கள். முந்தைய ஆண்டே அதன் ஓரத்தில் வடிகால் எடுத்திருக்க வேண்டும். வடியாத முகத்தில் வெட்டினால் கட்டி கையில் நிற்காது, கூழாக வழியும். மார்ச் கடைசியிலிருந்து மே வரை வெட்டும் காலம். இதற்கு முன்னால் வெட்டினால் உறைபனி பிடிக்கும். ஈரக் கட்டிக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி விரியும்போது நார்கள் அறுந்துவிடும், காய்ந்த பிறகு தொட்டால் தூளாக உதிரும். ஜூன் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் இலையுதிர் கால மழைக்கு முன் காயாது. இடைப்பட்ட அந்தச் சில வாரங்களைத் தவறவிடாமல் இருப்பதுதான் அனுபவம்.

முதலில் கயிறு கட்டி, வைக்கோல் அறுக்கும் கத்தியால் கோடு போட்டு, மேலே உள்ள உயிருள்ள வேர்ப் படலத்தைச் சீவி எடுப்பார்கள். அதைத் தூக்கி எறியக் கூடாது. முன்பு வெட்டி முடித்த பள்ளத்தின் அடியில், பச்சைப் பக்கம் மேலே இருக்கும்படி பரப்ப வேண்டும். இதைச் செய்யாத இடங்களில் கறுப்பு நீர்க்குழிதான் மிஞ்சும், செடி திரும்பாது.

வெட்டும் கருவி ஷ்லான். குறுகலான மண்வெட்டி, ஆனால் தகட்டின் ஒரு பக்கத்தில் இறக்கை போல இன்னொரு தகடு செங்கோணமாக நிற்கும். ஒரே அழுத்தில் இரண்டு பக்கம் அறுபடும். மற்ற இரண்டு பக்கங்கள் ஏற்கெனவே வெட்டிய முகம் என்பதால் திறந்தே இருக்கும். அடியில் லேசாக ஒடித்தால் கட்டி தனியாக வந்துவிடும். கட்டி ஒரு அடி நீளம், நாலைந்து அங்குல அகலம். அதைவிடப் பருமனாக வெட்டினால் வெளியே காய்ந்து உள்ளே சேறாக இருக்கும். மெலிதாக வெட்டினால் கையாளும்போது உடையும். சில ஊர்களில் மேலிருந்து கீழாக வெட்டுவார்கள். நடுப்பகுதியின் ஆழமான சதுப்புகளில் முகத்துக்கு எதிரே நின்று கிடைமட்டமாகக் குத்தி எடுக்கும் முறையும் உண்டு, அதற்கு ஷ்லானின் வடிவமே வேறு.

பழைய முறையில் ஒருவர் வெட்ட, ஒருவர் கையில் வாங்க, ஒருவர் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ப் பரப்புவார். ஆழம் போகப் போக நிறமும் மாறும். மேல் அடுக்கு வெளிர் பழுப்பு, லேசானது, சீக்கிரம் பற்றிச் சீக்கிரம் முடிந்துவிடும். அடி அடுக்கு கறுப்பு, காயும்போது வெகுவாகச் சுருங்கும், கல் போல இறுகி நெடுநேரம் எரியும். வீட்டுக்காரர்கள் இரண்டையும் தனித்தனியாகப் பரப்பி வைப்பது இதனால்தான்: பழுப்பு பற்ற வைக்க, கறுப்பு தாங்கி நிற்க.

இனி உலர்த்தல். ஒற்றை அடுக்காகப் பரப்பி ஒன்று இரண்டு வாரம் விட வேண்டும். மேலே தோல் பிடித்து, தூக்கினால் வளையாமல் நிற்கும் பதம் வந்ததும் நாலு முதல் ஆறு கட்டிகளைச் செங்குத்தாகச் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் ஒன்றைப் படுக்க வைப்பார்கள். நீங்கள் படத்தில் பார்த்தது இந்த நிலை. குனிந்தபடியே நாள் முழுக்கச் செய்யும் வேலை, முதுகு தாங்காது. இயந்திரம் வந்த பிறகும் இதைப் பெரும்பாலும் கையால்தான் செய்கிறார்கள்.

தவறு நடப்பது இங்கேதான். தோல் பிடிக்கும் முன் நிறுத்தினால் அடிப்பக்கம் நசுங்கிச் சரியும். நாளாக விட்டாலோ கட்டிக்கும் தரைக்கும் நடுவே புல் ஏறிவிடும், அடிப்பக்கம் காயவே காயாது. மேலே கல் போல, கீழே களி போல. பரப்பும் இடத்தையும் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். பள்ளத்தில் பரப்பினால் ஒரே மழையில் நீர் தேங்கிவிடும்.

சில வாரம் கழித்து இவற்றைச் சேர்த்துக் கொஞ்சம் பெரிய குவியலாக, உள்ளே காற்றோடும்படி அடுக்குவார்கள். ஆகஸ்ட் வாக்கில் வீட்டுக்குக் கொண்டுவந்து போர் போடுவார்கள். போரின் வெளிச்சுவரில் கட்டிகளை வெளிப்பக்கம் சாயும்படி அடுக்க வேண்டும், அப்போதுதான் மழை உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். நன்றாகக் காய்ந்த கறுப்பு டர்ஃப் ஒருமுறை சுருங்கிவிட்டால் மீண்டும் நனைந்தாலும் பழைய சேறாக மாறாது. மழை நாட்டில் இந்த எரிபொருள் சாத்தியமானதே அந்தக் குணத்தால்தான்.

---

நாடோடி வாசகன்:

மேற்குக்கரை, மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக எங்கும் படித்ததில்லை. இரண்டு சந்தேகம். எவ்வளவு சூடு தரும், நிலக்கரியோடு ஒப்பிட்டால்? இரவில் அணைத்துவிட்டுக் காலையில் மறுபடி பற்ற வைப்பார்களா?

---

மேற்குக்கரை:

காற்றில் உலர்ந்த டர்ஃப் ஒரு டன்னுக்குச் சுமார் 13 கிகாஜூல். நல்ல நிலக்கரி 27, 28. எடைக்கு எடை பாதிச் சூடு என்று வைத்துக்கொள்ளலாம், கன அளவில் இன்னும் குறைவு. தொழிற்சாலையில் பொடியாக்கி அழுத்திச் செய்யும் பிரிகெட்டில் ஈரம் 10 சதவீத அளவுக்குக் குறைக்கப்படுவதால் 18ஐத் தாண்டும்.

இரவில் அணைப்பதில்லை. பழைய வீடுகளில் எரிந்த கட்டிகளின் தணலை ஒன்றாகக் கூட்டிச் சாம்பலால் மூடுவார்கள். காற்று குறைவாகப் போவதால் காலைவரை தணல் உயிரோடு இருக்கும். சாம்பலை விலக்கிப் பழுப்புக் கட்டிகளை நிறுத்தினால் மறுபடி பற்றிக்கொள்ளும். பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் அடுப்பு அணையாமல் இருந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஈர டர்ஃபை இன்றைய மூடிய அடுப்பில் போட்டுக் காற்று வாயிலை அடைத்து வைப்பது ஆபத்து. சூடு குறைவாக இருப்பதால் புகையில் உள்ள தார் புகைபோக்கியின் உட்சுவரில் படியும். பிறகு ஒருநாள் நன்றாக எரியவிடும்போது அந்தப் படிவு தீப்பிடிக்கும். சாம்பலும் மிக அதிகம், தட்டைத் தினமும் கொட்டாவிட்டால் கம்பிவலை வளைந்துபோகும். காற்று குறைவாக எரியும் எந்தத் தணலிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. அறையில் காற்றுத் துளையை அடைக்கக் கூடாது, கண்டறியும் கருவியும் வேண்டும்.

---

புதைபொருள்:

டர்ஃப் வெட்டுபவர்கள்தான் அயர்லாந்தின் பழங்காலத்தை வெளியே கொண்டுவந்தவர்கள். இதைச் சொல்லாமல் அந்த நிலத்தைப் பற்றிய பேச்சு முழுமையாகாது.

வடக்கு மேயோவில் கேய்ட் ஃபீல்ட்ஸ் என்ற இடம். 1930களில் பேட்ரிக் கால்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் டர்ஃப் வெட்டும் இடத்தில், பீட்டுக்கு அடியில் கற்கள் வரிசையாகக் குவிந்திருப்பதைக் கவனித்தார். கற்கள் பீட்டுக்குக் கீழே இருப்பதால் சதுப்பு உருவாகும் முன்பே யாரோ அடுக்கியிருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அவர் மகன் ஷேமஸ் கால்ஃபீல்ட் தொல்லியலாளரானார். நீண்ட இரும்புக் கம்பியைச் சதுப்பில் செருகி, கல்லில் மோதும் ஆழத்தைக் குறித்துக்கொண்டே போய், புதிய கற்கால வயல் சுவர்களை வரைபடமாக்கினார். எளிய முறை, சதுப்பையும் கெடுக்காது.

லாங்ஃபோர்ட் மாவட்டத்துக் கார்லியாவில் ஓக் பலகைகள் பரப்பிய பாதை ஒன்று சதுப்புக்குள் கிடந்தது. மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அந்த மரங்கள் கி.மு. 148ஐ ஒட்டி வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. 2003இல் மீத் மாவட்டத்திலும் ஆஃபலி மாவட்டத்திலும் இரும்புக் கால மனித உடல்கள் தோலும் நகமும் அழியாமல் கிடைத்தன. அவை டப்ளின் கில்டேர் தெருவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

2006இல் வடக்கு டிப்பரேரியின் ஃபேடன் மோர் சதுப்பில், மண்வாரி இயந்திரத்தின் முன்னால் ஒரு தோல் நூல் வெளிப்பட்டது. சுமார் கி.பி. 800ஐச் சேர்ந்த, பைபிளின் சங்கீதங்கள் எழுதிய புத்தகம். கண்டெடுத்தவர்கள் அதை உடனே ஈரப் பீட்டால் மூடி வைத்தார்கள். அந்த ஒரு செயல்தான் நூலைக் காப்பாற்றியது. காற்றில் விட்டிருந்தால் தோல் சில மணி நேரத்தில் சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே சதுப்பில் ஏதாவது தென்பட்டால் செய்ய வேண்டியது: இயந்திரத்தை நிறுத்துங்கள். பொருளை இழுக்காதீர்கள், கழுவாதீர்கள். எடுத்த பீட்டாலேயே மூடுங்கள், வெறும் குழாய் நீர் ஊற்ற வேண்டாம். இடத்துக்குக் கம்பு நட்டு அடையாளம் வையுங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி 96 மணி நேரத்துக்குள் தேசிய அருங்காட்சியகத்துக்கோ காவல்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் தெரியாத தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். கண்டெடுத்தவருக்கு வெகுமதி உண்டு, ஆனால் அது அரசு தீர்மானிப்பது.

---

சட்டப்புத்தகம்:

தடை பற்றிய கேள்விக்கு வருகிறேன். முழுத் தடை இல்லை. மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாக்கிப் பேசுவதால்தான் குழப்பம்.

ஒன்று, வெட்டும் உரிமை. நிலம் ஒருவருடையதாகவும் அதில் டர்ஃப் வெட்டும் உரிமை மட்டும் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். அதை டர்பரி உரிமை என்பார்கள். தலைமுறையாக வருவது, நிலப் பத்திரத்தோடு சேர்ந்து கைமாறுவது. வீடு வாங்குபவர்கள் இதைப் பார்க்காமல் விட்டால் பிறகு வழக்குத்தான்.

இரண்டு, பாதுகாக்கப்பட்ட சதுப்பு. ஐரோப்பிய வாழிடச் சட்டத்தின் கீழ் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட உயர்மேட்டுச் சதுப்புகள் 53. அவற்றில் வெட்டுவது நிறுத்தப்பட்டது. உரிமை இழந்தவருக்கு ஆண்டுக்கு 1,500 யூரோ வீதம் 15 ஆண்டுகளுக்கு இழப்பீடு, அல்லது பாதுகாப்புக்கு வெளியே உள்ள சதுப்பில் மாற்று இடம். மாற்று இடம் கேட்டவர்கள்தான் அதிகம் சிரமப்பட்டார்கள். ஈரம், ஆழம், சாலை வசதி மூன்றும் சேர்ந்த சதுப்பு எளிதில் கிடைப்பதில்லை.

மூன்று, விற்பனை. 2022 அக்டோபர் 31 முதல் கடையிலோ இணையத்திலோ விளம்பரம் செய்தோ டர்ஃப் விற்கக் கூடாது. காரணம் புகையின் நுண்துகள், அது நுரையீரலுக்குக் கேடு. சொந்த உரிமையில் வெட்டித் தன் வீட்டில் எரிப்பதையோ அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பதையோ இது தடுக்கவில்லை. இவையெல்லாம் அயர்லாந்துக் குடியரசின் 26 மாவட்டங்களுக்கு. வட அயர்லாந்தின் 6 மாவட்டங்கள் பிரிட்டனின் ஆட்சியில் இருப்பதால் அங்கே சட்டம் வேறு.

அரசின் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1946இல் தொடங்கிய போர்ட் ந மோனா என்ற அரசு நிறுவனம் நடுப்பகுதிச் சதுப்புகளைப் பெரிய அளவில் வடித்து, சில மில்லிமீட்டர் மேல்படலத்தைச் சுரண்டிப் பொடியாக எடுத்து மின் நிலையங்களுக்குக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனிலிருந்து நிலக்கரி வரத்து குறைந்தபோது டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காச் சாலை நெடுகிலும் டர்ஃப் மலை மலையாக அடுக்கியிருந்தார்கள். உள்நாட்டு எரிபொருள் வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுத்தது. ஷானன்பிரிட்ஜ், லேன்ஸ்பரோ மின் நிலையங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. 2021 ஜனவரியில் அந்த நிறுவனம் பீட் எடுப்பதையே நிறுத்துவதாக அறிவித்தது. வீட்டுக்காக ஷ்லான் பிடித்த குடும்பங்களை மட்டும் குற்றவாளியாக்கிப் பேசுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

---

ஈரநிலம்:

சட்டப்புத்தகம் சொன்ன நியாயத்தில் பாதியை ஏற்கிறேன். அளவில் தொழிற்சாலைதான் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் வீட்டு வெட்டும் வெட்டிய இடத்தோடு நிற்பதில்லை. சதுப்பின் ஓரத்தில் இரண்டு மீட்டர் முகம் திறந்தால் உள்ளே நெடுந்தூரம் வரை நீர்மட்டம் இறங்கும். நீர் இறங்கிய பீட் காற்றுப்பட்டு மக்கத் தொடங்கும், ஆயிரக்கணக்கான ஆண்டு சேர்ந்த கார்பன் வெளியேறும், நிலம் அமிழும். நூறு குடும்பம் நூறு முகம் திறந்தால் நடுவில் வெட்டப்படாத பகுதியும் சாகும். உயிரோடு வளர்கிற உயர்மேட்டுச் சதுப்பு இன்று அதன் பழைய பரப்பில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பதற்கு இரண்டும் சேர்ந்துதான் காரணம்.

உயிர் ஆபத்தும் உண்டு. 1896 டிசம்பர் 28 அதிகாலை கெர்ரி மாவட்டத்தில் ஒரு சதுப்பு உடைந்து வழிந்ததில் ஒரே வீட்டைச் சேர்ந்த 8 பேர் இறந்தார்கள். சதுப்பின் உள்ளே 90 சதவீதம் நீர், மேலே உள்ள நார்ப் படலம்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. சரிவின் கீழ்ப்பக்கம் முகம் வெட்டித் திறந்து, கனமழையும் சேர்ந்தால் உள்ளிருப்பது குழம்பாக வெளியே பாயும். 2003இல் கால்வே மாவட்டத்து டெரிபிரையனில் காற்றாலைக் கட்டுமானம் நடந்தபோதும் பெரிய சரிவு ஏற்பட்டது. பீட்டின் மேல் பாரம் ஏற்றுவதும் வடிகால் எடுப்பதும் எவ்வளவு கவனமாகச் செய்ய வேண்டிய வேலை என்பதற்கு அது சான்று.

---

தென்னைநார்:

இந்த இழைக்கு நம் பக்கத்திலிருந்து ஒரு தொடர்பு உண்டு. ஐரோப்பாவில் நாற்றுப் பண்ணைகளுக்கும் காளான் வளர்ப்புக்கும் பீட்தான் அடிப்படை ஊடகம். அயர்லாந்தில் பெரிய அளவில் எடுப்பதற்கு அனுமதி கடினமான பிறகு மாற்று தேடுகிறார்கள். அதில் முக்கியமானது பொள்ளாச்சியிலும் இலங்கையிலும் செய்யும் கோகோ பீட், அதாவது தேங்காய் மட்டையின் நார்ச்சோறு.

ஆனால் பீட் இருந்த இடத்தில் அப்படியே கொட்டினால் பயிர் கெடும். பீட்டின் கார அமிலநிலை (pH) 4ஐ ஒட்டியது, அதில் சுண்ணாம்பு சேர்த்து உயர்த்துவார்கள். கோகோ பீட் ஏற்கெனவே 5.5 முதல் 6.5 வரை, சுண்ணாம்பு தேவையில்லை. இதில் வேறு சிக்கல்: சோடியமும் பொட்டாசியமும் அதிகம். நல்ல நீரில் கழுவி, பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அவற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் செடிக்குப் போக வேண்டிய கால்சியத்தை நார்ச்சோறு பிடித்துக்கொள்ளும், இளம் இலை நுனி கருகும். கழுவியது என்று எழுதியிருப்பதும் இந்த முறையில் பதப்படுத்தியது என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. 5 கிலோ கட்டி ஒன்று நீர் விட்டால் 60 முதல் 75 லிட்டர் வரை விரியும்.

---

நாடோடி வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. வெட்டி முடித்த, அல்லது வடிந்துபோன சதுப்பு மறுபடி வளருமா? அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

---

ஈரநிலம்:

செய்ய முடியும், செய்துகொண்டும் இருக்கிறார்கள். எல்லாம் நீர்மட்டத்தில் இருக்கிறது. ஸ்பாக்னம் திரும்ப வேண்டுமானால் ஆண்டின் பெரும்பகுதி நீர் தரைக்கு 10 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அதற்கு முதல் வேலை வடிகால்களை அடைப்பது. தரைமட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கும் இடத்துக்கு ஒன்றாக அணை போடுவது பொது விதி. சரிவு கூடினால் அணைகள் நெருங்கி வரும். சிறிய வடிகாலுக்குப் பீட்டாலேயே அணை, பெரியதற்கு ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தகடுகளைச் செருகுவார்கள். வெளியிலிருந்து ஏறி முளைத்த பைன், பிர்ச் மரங்களையும் வெட்ட வேண்டும், அவை நீரை உறிஞ்சி ஆவியாக்கும்.

எங்கும் இது பலிக்காது. அடிக்களிமண் தெரியும் அளவுக்கு எடுத்துவிட்ட இடத்தில் உயர்மேட்டுச் சதுப்பு திரும்ப வராது, நீரில் நாணலும் சுண்ணாம்பு விரும்பும் செடிகளும்தான் வரும். அதுவும் பயனுள்ள ஈரநிலமே, பறவைகள் வரும், ஆனால் வேறு வகை. அரை மீட்டருக்கு மேல் பீட் மிஞ்சிய இடத்தில்தான் பாசிக்கு நல்ல வாய்ப்பு. பாசிப் போர்வை சில ஆண்டுகளில் தலைகாட்டலாம், பீட் சேர்வது மட்டும் முன்பு சொன்ன அதே வேகத்தில்தான்.

உயிருள்ள சதுப்பைப் பார்க்க விரும்புபவர்கள் ஆஃபலி மாவட்டத்துக் கிளாரா சதுப்புக்குப் போகலாம். ஊரில் தகவல் மையம், சதுப்பின் மேல் மரப்பலகைப் பாதை உண்டு. பலகையை விட்டு இறங்க வேண்டாம். ஒரு காலடி மிதித்த பாசி மீள நாளாகும், பச்சையாகத் தெரியும் இடங்கள் சில வெறும் நீர்தான்.

அணை கட்டுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று: மேலே கிடக்கும் காய்ந்த பீட்டை வாரி அடைப்பது. காய்ந்த பீட் மறுபடி நீரை ஏற்காது, இடுக்கில் நீர் கசிந்து முதல் குளிர்காலத்திலேயே அணை பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஓரத்தில் ஆழமாகத் தோண்டி ஈரக் கறுப்புப் பீட்டை எடுத்து, வடிகாலின் இரு கரைக்குள்ளும் செருகினாற்போல அடுக்கடுக்காக அமுக்கி, தரையைவிடக் கொஞ்சம் உயரமாக எழுப்பி, மேலே பச்சை வேர்ப் படலத்தை வைத்து மூட வேண்டும்.